கோட்டை விடாத மாப்பிள்ளை

நுணாவூரில் புத்திக்கு வரி போட்டால் அரசாங்கத்துக்கு ஒரு பைசா தேறாது. அப்படிப்பட்ட ஊரிலும் யாரையாவது அறிவாளி என்று சொல்ல வேண்டுமே என்று கச்சியப்பனைச் சொல்லி வைத்திருந்தார்கள். பேசுவதற்கு முன் அவன் கண்ணை மூடி யோசிப்பான். யோசித்து முடித்ததும் திறக்க மறந்துவிடுவான். தலை நரைக்கத் தொடங்கியும் அவனுக்குப் பெண் கிடைக்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு பெண் அமைந்ததுதான் ஆச்சரியம்.

பெண்ணின் அப்பா வேலாயுத ஆசாரி, மூங்கில் பலகையில் பூவும் கொடியும் அறுத்துக் கதவுக்கு மேல் பதிக்கிறவர். பெண்ணைக் கொடுக்குமுன் மாப்பிள்ளைக்குத் தொழில் கைவருமா என்று பார்க்க ஆசைப்பட்டார். ஒரு மிஷினையும் பலகையையும் கொண்டுவந்து, கச்சியப்பன் வீட்டுக் கொல்லையில் சும்மா கிடந்த அறையில் இறக்கினார். தையல் மிஷின் ஊசி மாதிரி மெல்லிய வாள் ஒன்று மேலும் கீழும் ஆடுகிற மிஷின் அது. பலகைமேல் படம் வரைந்த காகிதம் ஒட்டியிருந்தது. சுற்றிலும் கொடி, நடுவில் வளையம், வளையத்துக்குள் கிளி.

"மாப்ளே, நல்லா கேட்டுக்கிடுங்க," என்றார் ஆசாரி. "வாள் ஓடும்போது கோட்டை விட்டுறக் கூடாது. கறுப்பு மை தீட்டின இடத்தை எடுத்துறணும். வளையத்துக்கு உள்ள போக வழி கிடையாதுல்லா? அதுக்கு முதல்ல ஒரு துளை போடணும். பிறகு வாளை இறுக்கிப் பிடிச்சிருக்க மறையைக் கழத்தி, வாளைத் துளை வழியா விட்டு, திரும்ப மாட்டணும். அவசரம் வேண்டாம், வெள்ளிக்கிழமை வாரேன். கொடி அறுந்துச்சுன்னா சம்பந்தமும் அறுந்துச்சு."

அவர் தெரு முனை திரும்பியதும் கச்சியப்பன் தன் மந்திரிசபையைக் கூட்டினான். மந்திரிகள் சடையாண்டியும் உமைபாகனும்.

"கோட்டையை விடக் கூடாதாம். எந்தக் கோட்டை?"

"நம்ம ஊர்ல கோட்டையே கிடையாதே அண்ணே," என்றான் சடையாண்டி. "இல்லாததை எப்படி விடாம இருக்கது?"

உமைபாகன் தாடையைத் தடவினான். "அதுலதான் சூட்சுமம் இருக்கு. முதல்ல கட்டணும். கட்டினாத்தான விடாம இருக்க முடியும்?"

இதற்கு மறுப்புச் சொல்ல நுணாவூரில் ஆள் இல்லை. மிஷின் இருந்த அறையே கோட்டை என்று தீர்மானமாயிற்று. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வாசலில் சடையாண்டி உலக்கையோடு காவல் நின்றான். குளித்துவிட்டு வந்த கச்சியப்பனுக்கே முதுகில் ஒன்று விழுந்தது. வேட்டி மாறியிருந்ததால் அடையாளம் தெரியவில்லையாம்.

அடுத்தது கறுப்பு. எடுக்கச் சொல்லிவிட்டாரே என்று சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார்கள். மை போயிற்று, கொடியும் கிளியும் போயின, கடைசியில் காகிதமும் போயிற்று. பொட்டுக் கறுப்பு இல்லாத பலகையைப் பார்த்துக் கச்சியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

நடுவில் துளை போட்டு, மறையைக் கழற்றி, வாளை அதில் விட்டார்கள். அது மறுபக்கம் வழியாகத் தரையில் விழுந்தது. மூவரும் சம்மணம் போட்டுக் காத்திருந்தார்கள்.

"அறுக்க மாட்டேங்குதே," என்றான் கச்சியப்பன்.

"புது இடம்லா, கூச்சப்படுது," என்றான் சடையாண்டி. "அவசரம் வேண்டாம்னு மாமாவே சொன்னாரு."

வியாழக்கிழமைவரை அதற்குக் கூச்சம் தெளியவில்லை. இந்தப் பெண்ணும் போய்விடுமோ என்று கச்சியப்பனுக்கு, பாவம், கண்ணில் நீரே வந்துவிட்டது. உமைபாகன்தான் தேற்றினான்.

"கொடி அறுந்தாத்தான சம்பந்தம் அறும்? இதுல கொடியே இல்லை. இல்லாத கொடி எப்படி அறும்?"

கச்சியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை ஆசாரி வந்தார். உலக்கையோடு வாதாடி ஜெயித்து உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தார்.

"கொடி எங்க மாப்ளே?"

"ஒரு இடத்துலகூட அறுபடலை மாமா."

ஆசாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "கோட்டை விட்டுட்டீங்களே. இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூவரும் பதறி வெளியே ஓடினார்கள். ஜன்னலை அடைத்தாயிற்று, பிறகு கோட்டை எந்த வழியாகப் போயிருக்கும்?

"வாசல் தொறந்துல்லா கிடக்கு," என்றான் சடையாண்டி, உலக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு.

ஆசாரி தலை நிமிர்வதற்குள் வாசல் சுவராகிவிட்டது. கோட்டை மறுபடி நழுவாதபடி ஒரு மாட்டுவண்டியையும் முட்டுக் கொடுத்தார்கள். நுணாவூரார் ஒரு வேலையை இத்தனை சுருக்காக முடித்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

உள்ளிருந்து ஆசாரி கத்தினார், திட்டினார், அழுதார். கடைசியில் கெஞ்சினார். "எப்படியாவது என்னை வெளிய எடுங்கய்யா. பொண்ணைத் தாரேன்."

பொண்ணு என்றதும் கச்சியப்பன் கண்ணை மூடினான். ஆச்சரியம், இந்தத் தடவை தானாகவே திறந்தான்.

"உள்ள போக வழி இல்லாத இடத்துக்கு என்ன செய்யணும்னு மாமாவே சொல்லித் தந்திருக்காரு," என்று, பலகையில் துளை போட்ட டிரில்லை வீட்டிலிருந்து எடுத்துவந்து சுவரில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துளை போட்டான். அதில் வாயை வைத்து மரியாதையாகச் சொன்னான்:

"மாமா, துளை போட்டாச்சு. மறையைக் கழத்திக்கிட்டு இது வழியா வாங்க. இந்தப் பக்கம் நாங்க திரும்ப மாட்டிக்கிடுதோம்."

ஆசாரியின் குரல் துளை வழியாகச் சீறி வந்தது. "மறை கழண்ட பயலுவளா!"

"என்னண்ணே சொல்லுதாரு?" என்று கேட்டான் சடையாண்டி.

"மறை கழண்டுட்டாம்," என்றான் கச்சியப்பன், பூரித்துப்போய். "வேட்டியை விரிச்சுப் பிடிங்கடா. இனி ஒவ்வொண்ணா வரும்."