முட்டையை மூடும் குட்டை

அல்லிக் குட்டையில் பதினோரு முக்குளிப்பான் குடும்பங்கள் இருந்தன. முக்குளிப்பான் சின்னப் பறவை. நடக்கச் சொன்னால் தடுமாறும். பறக்கச் சொன்னால் யோசிக்கும். தண்ணீரில் முங்கச் சொன்னால் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும்.

குட்டைக்கு மேற்கே ஒரு கரை. கரைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி. பெரிய ஏரி என்றால் சும்மா இல்லை. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. ஏரிக்குள் கருவேல மரங்கள், மரமெல்லாம் கூழைக்கடாப் பறவைகள். அத்தனையும் ஒன்றாக எழும்பிப் பறந்தால் குட்டைமேல் நிழல் விழும். இரவு வந்துவிட்டதென்று நினைத்து அல்லி மொட்டுகள் அவிழப் பார்க்கும்!

முக்குளிப்பான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அழுகிய பாசியும் தழையும் சேர்த்து, தண்ணீர் மேலேயே மிதக்கிற மாதிரி கூடு கட்டும். அதை ஒரு கோரைத் தண்டில் மாட்டி வைக்கும். கூட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் பக்கத்தில் கிடக்கிற தழையை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் இறங்கும். ஆபத்தானாலும் சரி, அவசரமானாலும் சரி. 'தழை போட்டுவிட்டுக் கால் எடு' என்பது அந்த ஊர்ப் பழமொழி. வெள்ளையாக விழுந்த முட்டை, தழைச்சாறு ஊறி ஊறி நாலு நாளில் பழுப்பேறிவிடும். வெளியாள் பார்த்தால் ஏதோ குப்பை ஒதுங்கிக் கிடக்கிறது என்றுதான் நினைப்பான்.

செவத்தா என்ற முக்குளிப்பான் அந்தத் தை மாதம் நாலு முட்டை இட்டிருந்தாள். போன வருஷம் இட்டதெல்லாம் கூமுட்டையாகப் போயிற்று. ஆகவே இந்த நாலும் அவளுக்கு நாலு உயிர்.

ஒருநாள் காலை இரண்டு பட்டைத்தலை வாத்துகள் குட்டையில் வந்து இறங்கின. பனிமலையைத் தாண்டி வந்தவை. மூச்சு வாங்கியது.

"இது எந்த ஊரு, தாயி?" என்று கேட்டது ஒரு வாத்து.

"அல்லிக் குட்டை!" என்றாள் செவத்தா பெருமையாக.

"கேள்விப்பட்டதே இல்லையே. அது எங்க இருக்கு?"

"இதோ, நீங்க மிதக்கிற இடம்தான்!"

"அது சரி. எங்க ஊர்ல போய்ச் சொல்லணும்னா எப்படிச் சொல்றது?"

செவத்தா யோசித்தாள். வேறு அடையாளம் வாயில் வரவில்லை. "பெரிய ஏரிக்குப் பக்கத்துல" என்றாள்.

"ஓ, ஏரிக்காரங்களா நீங்க? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று சொல்லிவிட்டு வாத்துகள் எழும்பிப் போய்விட்டன.

செவத்தாவுக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி இருந்தது. புருஷன் தவசியிடம் சொன்னாள். தவசி பக்கத்துக் கூட்டில் சொன்னான். உச்சி வெயிலுக்குள் ஊர்த்தலைவர் முழுக்காண்டி காதுக்குப் போய்விட்டது.

"அடுத்தவன் பேரைச் சொல்லித்தான் நம்ம ஊருக்கு வழி சொல்லணுமா?" என்று குதித்தார் முழுக்காண்டி. "நமக்குன்னு ஒரு பேரு இல்லையா? மானம் இல்லையா?"

வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி, இரண்டு நாள் கழித்து ஏரியிலிருந்து பைவாயம்மாள் வந்தாள். அவள் ஒரு பெரிய கூழைக்கடா. அலகுக்குக் கீழே பை தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவள் வந்து இறங்கியதும் குட்டைத் தண்ணீர் பாதி கரையேறிவிட்டது.

"என்ன பிள்ளைங்களா, சௌக்கியமா? எங்க ஏரியோட கடைக்கோடி எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கடைக்கோடியா? இது தனிக் குட்டை, அம்மா!" என்றார் முழுக்காண்டி.

"கோவிச்சுக்காதப்பா. மழைக்காலத்துல எங்க தண்ணி வழிஞ்சுதானே உங்க குட்டை நிறையுது?"

"உங்க ஏரி நிறையுதே, அந்த மேகம் உங்க வீட்டு மேகமா?" என்று கேட்டான் தவசி.

பைவாயம்மாள் பை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவனைச் சுற்றி வந்து பார்த்தாள். "வாய் இருக்கு. வால் எங்கப்பா? வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

முக்குளிப்பானுக்கு வால் கிடையாது. தவசி பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டான்.

"ஆமா, முட்டை எல்லாம் எங்க?" என்று கழுத்தை நீட்டினாள் பைவாயம்மாள். "என்னது, குப்பைக்குள்ளயா? ஐயய்யே! எங்க முட்டையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு வானத்தைப் பார்த்து இருக்கும். வெக்கப்படுறவங்கதானே மூடி வைப்பாங்க!"

அவள் போனதுதான் தாமதம். முழுக்காண்டி ஒரு பனைமட்டை மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டினார்.

"இனிமே எவளும் தழை போடக் கூடாது! கூட்டைச் சுத்தி இருக்கிற பாசியெல்லாம் வழிச்சு எறியுங்க! முட்டையைத் தேய்ச்சுக் கழுவுங்க! நம்ம முட்டையும் வெள்ளைதான்னு அந்த ஏரிக்குக் காட்டணும்! நாம யாருக்கும் குறைஞ்சவங்க இல்லை!"

"இல்லை! இல்லை!" என்று பதினோரு குடும்பமும் கத்தியது. செவத்தாவும் கத்தினாள். அந்த மீன்முள் இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

கழுவுவது லேசாக இல்லை. சாறு ஊறின கறை. அலகு வலிக்க வலிக்கத் தேய்த்தாள். நாலாவது முட்டை வெளுப்பதற்குள் பொழுது சாயப் பார்த்தது. இரை தேடிக் கிளம்பலாமென்று எழுந்தவள், கூட்டு விளிம்பில் அப்படியே நின்றுவிட்டாள். கால் இறங்க மாட்டேன் என்றது. அலகு தானாக இடப்பக்கம் போய்த் தழையைத் தேடியது.

"ஏங்க, மனசு கேக்கலீங்க" என்றாள்.

"எனக்கும்தான் கேக்கலை புள்ள" என்றான் தவசி. "ஆனா நாம மட்டும் மூடினா, ஊரைக் காட்டிக் கொடுத்தவங்கன்னு சொல்லுவாங்களே."

மறுநாள் பைவாயம்மாளை அழைத்துக் காட்டினார்கள். பதினோரு கூட்டிலும் முட்டைகள் பளபளவென்று இருந்தன.

"அடடே!" என்றாள் அவள். "எங்க ஏரியில இருக்கிற மாதிரியே இருக்கே!"

முழுக்காண்டிக்கு மார்பு பூரித்துப் போயிற்று. குட்டையே கும்மாளம் போட்டது. தவசி மட்டும் செவத்தா காதருகில் வந்து, "நம்ம ஊர் நல்லா இருக்குன்னா சொன்னா? அவங்க ஊர் மாதிரி இருக்குன்னுதானே சொன்னா?" என்றான்.

"சும்மா இருங்க. இன்னிக்காவது சந்தோஷமா இருப்போம்" என்றாள் செவத்தா.

குட்டையோரத்துப் பனைமரத்தில் ஒரு கிழக்காக்கை குடியிருந்தது. அது பல வருஷமாக அந்தக் குட்டையைக் குப்பைக் குட்டை என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தது. அடுத்த நாள் காலை வெயில் ஏறியதும் கீழே பார்த்தது. பதினோரு இடத்தில் வெள்ளை வெள்ளையாக என்னவோ மின்னியது.

"அட வயிறே!" என்று தலையில் அடித்துக்கொண்டது காக்கை. "சோத்தைக் காலடியில வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா ஊர் ஊரா அலைஞ்சேன்!"

செவத்தாவின் கூட்டின் மேல் நிழல் விழுந்தது. வழக்கம்போல அலகு இடப்பக்கம் போயிற்று. தழை இல்லை. முந்தாநாளே வழித்து எறிந்தாயிற்று. மனசு கூட்டில் கிடக்க, உடம்பு மட்டும் தண்ணீருக்குள் முங்கியது. மேலே வந்து பார்த்தபோது காக்கையின் அலகில் ஒரு முட்டை இருந்தது. கத்தினாள். தவசி பாய்ந்து வந்து காலால் தண்ணீரை வாரி வாரி அடித்தான். காக்கை சட்டை செய்யவில்லை. பனைமரத்துக்குப் போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வந்து இரண்டாவதையும் எடுத்தது. அப்புறம் அடுத்த கூடு. அதற்கடுத்துத் தலைவர் கூடு. வயிறு நிறைந்ததும் பனைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஓட்டுத் துண்டுகள் அல்லி இலைகளுக்கு நடுவே மிதந்தன. இந்த வீட்டுத் துக்கத்துக்கு அந்த வீடும், அந்த வீட்டுத் துக்கத்துக்கு இந்த வீடும் அழுதன.

"ஏரிக்காரங்களும் திறந்துதானே வைக்கிறாங்க!" என்று புலம்பினார் முழுக்காண்டி. "அவங்ககிட்ட ஏதோ சூட்சுமம் இருக்கு. நமக்குத்தான் தெரியலை!"

"நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றாள் செவத்தா. மிச்சமிருந்த இரண்டு முட்டை மேல் தவசியை உட்காரவைத்தாள். தடுமாறித் தடுமாறிக் கரை ஏறினாள். நாலு தடவை விழுந்தாள். ஒருவழியாக அந்தப் பக்கம் இறங்கி, ஏரியில் நீந்தி, பைவாயம்மாளின் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அம்மா! திறந்து வெச்ச முட்டையைக் காக்கா எடுக்காம எப்படிப் பார்த்துக்கிறீங்க? அந்தச் சூட்சுமத்தை எனக்குச் சொல்லிக் கொடுங்கம்மா!"

பைவாயம்மாள் இப்படியும் அப்படியும் பார்த்தாள். கழுத்தைத் தாழ்த்தி மெதுவாகக் கேட்டாள்: "எடுக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

செவத்தா இன்னும் கிட்டே நீந்தி வந்தாள்.

"எங்க அலகைப் பார்த்துப் பயப்படுற காக்காவும் உண்டு. பயப்படாததும் உண்டு. நாங்க ஆயிரம் ஆயிரமா இருக்கோம். நூறு முட்டை போனாலும் ஏரி ஏரிதான். யாரு கவனிக்கிறா?" பைவாயம்மாளின் பை ஒரு தரம் ஏறி இறங்கியது. "நான் மூணு இட்டேன், தாயி. இப்ப ஒண்ணுதான் இருக்கு. பக்கத்துக் கிளைக்காரி கூட என்ன ஆச்சுன்னு கேக்கலை. இன்னிக்கு உங்க குட்டையே சேர்ந்து அழுதுச்சே, அது இங்க வரைக்கும் கேட்டுச்சு. எனக்காக அப்படி அழ இங்க ஆளில்லை."

செவத்தாவுக்குத் தன் துக்கம் ஒரு நொடி மறந்துபோயிற்று. "உங்களுக்குக் கொஞ்சம் தழை கொண்டு வந்து தரட்டுமாம்மா?" என்றாள்.

பைவாயம்மாள் சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு குத்தவில்லை. "மரத்து மேல தழை நிக்காதுடி. காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடும். அது தண்ணிமேல குடியிருக்கிற உங்களுக்கு ஆன வழி. தெரியாம சிரிச்சுட்டேன். பெரிய இடத்துல இருந்தா வாய் கொஞ்சம் நீண்டுதான் போகுது. போ, சீக்கிரம் போய் மூடு!"

செவத்தா திரும்பி வந்தாள். வழித்து எறிந்த பாசியை வாய் வாயாக அள்ளிக்கொண்டு கூட்டுக்குப் போனாள். முழுக்காண்டி குறுக்கே வந்து நின்றார்.

"செவத்தா! ஊர்க் கட்டுப்பாட்டை மீறுறே! ஏரிக்காரங்க சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும் மாமா! சிரிப்பு முட்டையைத் தின்னாது. காக்கா தின்னும்!"

"நம்ம மானம் என்ன ஆகிறது?"

"அது இந்தத் தழைக்குக் கீழதான் இருக்கு மாமா. அவங்களுக்கு நூறு போனா போகட்டும்னு விட முடியும். நம்மகிட்ட போனா போகட்டும்னு விட ஒண்ணுகூடக் கிடையாது. அதனாலதான் நம்ம ஆளுங்க மூடக் கத்துக்கிட்டாங்க. வெக்கத்துனால மூடலை!"

பேசிக்கொண்டிருக்கும்போதே நிழல் விழுந்தது. காக்கை!

"ஏங்க, இறங்குங்க!" என்று கத்தினாள் செவத்தா. கைவசம் இருந்த தழையை எல்லாம் முட்டை மேல் இழுத்துப் போட்டாள். தழை போட்டாள், கால் எடுத்தாள். இரண்டு பேரும் முங்கினார்கள்.

செவத்தா கோரைக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். காக்கை அவள் கூட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. காலால் ஒரு தட்டுத் தட்டியது. ஒரு தழையைக் கவ்வி உதறியது. அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"தூ! குப்பை!" என்று அலகைத் துடைத்துக்கொண்டு, வெள்ளையாக மின்னிய தலைவர் கூட்டுப் பக்கம் திரும்பியது.

முழுக்காண்டி வாய் இன்னும் 'மானம்' என்றுதான் முணுமுணுத்தது. உடம்பு அதைக் கேட்கவில்லை. அம்பு மாதிரி தண்ணீருக்குள் பாய்ந்து, கூட்டருகில் எழும்பி, அலகில் சிக்கிய பாசியை முட்டைகள் மேல் வாரிப் போட்டார். "மூடுங்க! எல்லாரும் மூடுங்கடா!" என்று அவர் போட்ட கூச்சலில் குட்டை முழுக்கத் தழை பறந்தது. காலையில் பதினோரு இடத்தில் சோறு இருந்தது. இப்போது பதினோரு குப்பைமேடு. காக்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கண்ணு மங்கிப் போச்சுபோல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அது வேறு ஊர் பார்த்துப் போயிற்று.

பங்குனி பிறந்தது. பட்டைத்தலை வாத்துகள் வடக்கே திரும்பிப் போகிற வழியில் மறுபடியும் குட்டையில் இறங்கின. செவத்தாவின் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து இரண்டு குஞ்சுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏரிக்காரங்கதானே நீங்க?" என்றது வாத்து.

"இல்லீங்க. அல்லிக் குட்டைக்காரங்க."

"அது எங்க இருக்குன்னு யாராவது கேட்டா?"

முழுக்காண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

"பெரிய ஏரிக்குப் பக்கத்துல" என்றாள் செவத்தா. தொண்டையில் ஒன்றும் குத்தவில்லை. "பக்கத்துலதான். உள்ள இல்லை."

"ஏதாவது அடையாளம் சொல்லேன், தாயி."

"தேடி வந்தா முட்டை ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. குப்பைதான் மிதக்கும். அதுதான் எங்க ஊரு!"

பக்கத்து வீட்டுப் படியை வாங்கித் தன்னை அளந்து பார்க்கிறவன், தன் குதிரில் இருக்கிற நெல்லையும் சிந்திவிடுவான்.