கண்ணாடிக்கு முன்னால் ஒரு தாய்

குஞ்சிதபாதம் மாஸ்டரின் நடனக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. விடிந்ததிலிருந்து அபரஞ்சி அதன் முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மேடை. ஊரே திரண்டு வரும் என்றெல்லாம் இல்லை, வருகிறவர்கள் வருவார்கள். ஆனால் அவளுக்கு அதுதான் முதல் தனி ஆட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் ஆடுவாள். முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்கும்போது தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாது. அவளைக் கேட்டால் மட்டும் முழங்கை ஒரு நூல் இறங்கிவிட்டது என்பாள். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினாள். நேற்று மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை.

கூட ஆடப் பழகுகிற புனிதா வாசல்படியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, கண்ணாடிக்கே தலை சுத்துது. கொஞ்சம் விடுங்க."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக்கா திங்கிறது?"

அபரஞ்சி திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் வந்தார். தட்டுப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து கோலைக் கையில் எடுத்தார்.

"மாஸ்டர், இன்னிக்கு நான் ஆடலை. புனிதாவை ஆடச் சொல்லுங்க."

புனிதாவுக்குப் புரையேறியது.

"ஏன்?"

"வரலை."

"எது வரலை?"

"கண்ணாடியில இருக்கிறவ என்னைவிட நல்லா ஆடுறா. என் கை போறதுக்கு முன்னாடி அவ கை போயிடுது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ஆனாலும் அதை மாற்றிச் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

"அப்படியா? சரி, சாயங்காலம் அவளை அனுப்பு. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

புனிதா சிரித்துவிட்டாள்.

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். ஒரு தப்புகூட இல்லாம ஆடணும்னா என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் கோலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினார்.

"சோறூட்டுற இடத்தை ஆடு. ஒரே தடவை. பார்த்துட்டு யார் மேடை ஏறுறதுன்னு சொல்றேன்."

சோறூட்டுற இடம் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழந்தை சாப்பிட மாட்டேன் என்று தவழ்ந்து ஓடும். தாய் கிண்ணத்தோடு பின்னாலேயே போவாள், காக்காயைக் காட்டுவாள், கெஞ்சுவாள், ஊட்டுவாள். மேடையில் குழந்தையும் கிடையாது, கிண்ணமும் கிடையாது. ஆடுகிறவள்தான் காட்ட வேண்டும்.

மாஸ்டர் பாடினார். கோல் தாளம் போட்டது. அபரஞ்சி ஆடினாள்.

இடது உள்ளங்கை கிண்ணமாகக் குழிந்தது. வலது விரல்கள் சோற்றைப் பிசைந்தன. குழந்தை தூண் பக்கம் ஓடியது, அவள் கால்களும் தூண் பக்கம் போயின. கழுத்து அளவாகச் சாய்ந்தது. முழங்கை? கண்ணாடியில் பார்த்தாள். சரி. மணிக்கட்டு? சரி. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண்ணாடிக்காரிகூட இந்தத் தடவை முந்தவில்லை. இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள்.

கோல் நின்றது.

மாஸ்டர் எழுந்தார். அவளைப் பார்க்கவேயில்லை. நேராகத் தூணடிக்குப் போனார். அங்கே வெறும் தரைதான். குனிந்து, இரண்டு கைகளையும் கொடுத்து எதையோ தூக்கினார். இடுப்பில் வைத்துக்கொண்டார். தோள் துண்டின் நுனியால் அதன் மூக்கைத் துடைத்தார். முழங்காலைத் திருப்பிப் பார்த்து, மெல்ல ஊதினார்.

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல."

இட்லியை மெல்லுவதை விட்டுவிட்டு புனிதா அவர் இடுப்பையே பார்த்தாள். அபரஞ்சியும் பார்த்தாள்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?"

"விழுந்துடுச்சு."

"எப்ப?"

"நீ முழங்கையைப் பார்த்தியே, அப்ப."

அபரஞ்சி கிண்ணமாகக் குழித்திருந்த கையைக் கீழே இறக்கினாள்.

"நான் கவனிக்கலை."

"தெரியும். எவ்வளவு நேரமா அழுதுக்கிட்டு இருக்கு, பாவம்."

அவர் அவளிடம் வந்தார். "இந்தா, பிடி. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

அவள் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். முழங்கை எங்கே நின்றதோ, அவளுக்குத் தெரியாது. இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கி இடம் கொடுத்தது. துணி சுற்றிய கால் சுருக்கென்றது. பிள்ளையைக் கொஞ்சம் மேலே தூக்கி உட்கார வைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து கோலை எடுத்தார்.

வாசல்படியிலிருந்து புனிதா கேட்டாள். "அப்போ சாயங்காலம் யார் மாஸ்டர் ஆடுறது?"

"பிள்ளை இப்ப யார்கிட்ட இருக்கு?"

அபரஞ்சி குனிந்து, அதன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.