ஆடு திங்காத ஊதாப் பூ

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரி இருந்தாளாம். வேம்பரசின்னு பேரு. செடி கொடியைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ. ஆராய்ச்சின்னா பெருசா என்னமோ ஏதோன்னு நினைக்காத. ஏரிக்கரையில போய் உக்காந்துக்கிட்டு, எந்த இலையை எந்தப் பூச்சி கடிக்குது, எந்தப் பூவுல எந்த வண்டு உக்காருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பா. புதுசா ஒரு செடி கண்ணுல பட்டா போதும், குனிஞ்சு கேப்பா: "உன்னை யாரு திம்பாங்க?"

பெரியம்மா கதைக்கு "ம்" சொல்லு. சொன்னாத்தான் மேல சொல்லுவேன்.

அந்த ஏரியில மீன் பிடிச்சுப் பொழைக்கிறவர் சூசை. அவர் வீட்டுக்கு ரோஸ்லின்னு ஒரு மருமக வந்தா. வரும்போது வாளியில மிதக்கற செடி ஒண்ணு கொண்டாந்தா. அழகுக்குன்னு கடையில விக்கிறது. ஊதாப் பூ, நடுவுல மஞ்சப் பொட்டு. பாத்தவங்கல்லாம் "அடடா"ன்னாங்க. எனக்கு அப்பவே பிடிக்கல. இவ்வளவு மினுக்கிக்கிட்டு வந்தா அதுல ஏதோ இருக்கு.

அப்புறம் அந்தச் செடி குட்டி போட்டுது. அந்தக் குட்டியும் குட்டி போட்டுது. வாளி ரொம்பிடுச்சு. உசுரு உள்ளதைக் குப்பையில போட ரோஸ்லினுக்கு மனசு வரல. ஏரியில பொழைச்சுப் போகட்டும்னு விட்டுட்டா. ப்ளக்!

அப்போ வேம்பரசி பாத்துட்டா. "ரோஸ்லின், அதை எடுத்துரு."

"ஏன்க்கா? பூதானே?"

"யாரு திம்பாங்கன்னு தெரியலயே."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு. "வாங்க, குடுத்துப் பாத்துருவோம்."

முதல்ல வாத்துக்குப் போட்டாங்க. "பேக் பேக்"னு ஓடி வந்துது, அலகால ஒரு தள்ளு தள்ளிட்டுப் போயிடுச்சு. அப்புறம் நத்தைகிட்ட வெச்சாங்க. கொம்பை நீட்டுச்சு, சுருக்குன்னு உள்ள இழுத்துக்கிச்சு. கடைசியா சூசை வீட்டு ஆடு. சுவத்துல ஒட்டின போஸ்டரையே பசையோட திங்கற ஆடு அது! மோந்து பாத்துது, "ப்ர்ர்ர்"னு தும்முச்சு, திரும்பிப் பாக்காம போயிடுச்சு.

ரோஸ்லின் சிரிப்பு நின்னுடுச்சு. ஆனாலும் "நாளைக்கு எடுத்துக்கலாம்க்கா"ன்னு போயிட்டா. நாளைக்காம்!

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் மழைக்காலம் போய்ப் பாத்தா, ஏரியையே காணோம். பூராவும் ஊதா! சூசை வலையை வீசினார். தொப்! வலை தண்ணிக்குள்ள எறங்கவே இல்ல, காயப்போட்ட சேலையாட்டம் இலை மேல கிடந்துது. அடியில வெளிச்சம் இல்லாம பாசி செத்துது, அல்லிக்கொடி செத்துது. நெத்தியில வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி இருக்கே, அது குஞ்சுகளோட நீந்த இடமில்லாம "கீச் கீச்"னு சுத்துது.

"எவ இதைப் போட்டது? நான் சோத்துக்கு எங்க போவேன்?"னு சூசை கத்தினார். ரோஸ்லின் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏரியில எறங்கிட்டா. சரக் சரக்குனு பிடுங்கினா. அப்போ வேம்பரசியும் எறங்கினா. அப்புறம் சூசை, அப்புறம் ஊரே. பிடுங்கிப் பிடுங்கிக் கரையில குவிச்சுக் காயவெச்சாங்க. ஒருவழியா தண்ணி தெரிஞ்சுது. வலை எறங்குச்சு. நாமக்கோழிக்கு நீந்த இடம் கிடைச்சுது.

எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. வேம்பரசி மட்டும் கரையிலயே இருந்தா.

"இன்னும் என்னக்கா?"ன்னு திரும்பி வந்து கேட்டா ரோஸ்லின்.

"விதை சேத்துக்குள்ள தூங்குது. எப்ப முழிக்கும்னு தெரியாது."

ரோஸ்லினும் பக்கத்துல உக்காந்துட்டா. ரெண்டு பேரும் இன்னும் உக்காந்துதான் இருக்காங்களாம்.

...இரு. ஜன்னல்ல அந்த டம்ளருக்குள்ள என்ன? மாடி வீட்டு அக்கா குடுத்தாளா? ஊதாப் பூவா?

ம்... யாரு திம்பாங்கன்னு கேட்டியா?

கேக்கலையா. சரி, கதை கரையேறிடுச்சு, நீ தூங்கு. டம்ளர் பெரியம்மாகிட்ட இருக்கட்டும். நான் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்.