மணியை உருக்கிய சக்கரவர்த்தி

ஏழு கடலுக்கு அந்தாண்ட, பனி கொட்டுற சீமையில ஒரு மலையூரு இருந்துச்சாம். பனின்னா நம்ம மார்கழிப் பனி இல்ல கண்ணுங்களா. பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி வானத்துலேர்ந்து விழுந்து விழுந்து வழியையே மூடிடும். அதனால பனி கொட்டுனா அந்த ஊரு மாதா கோயில் மணியை விடாம அடிப்பாங்க. வழி தப்புனவன் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே வீடு வந்து சேருவான். மணி அடிக்கிறவ பேரு ஒட்டிலியா.

அந்தச் சீமையில ஆல்பெரிக்னு ஒருத்தன். பட்டாளத்துல முரசு அடிச்சவன் தளபதியாகி, ராஜாவாகி, அப்புறம் சக்கரவர்த்தியாவும் ஆயிட்டான். ஒரு நாடு புடிச்சான், ரெண்டு நாடு புடிச்சான், மூணு நாடு புடிச்சான், தூக்கம் மட்டும் வரல.

அவன் ஒட்டிலியாகிட்ட வந்து, "குதிரையைக் குடும்மா, ஜெயிச்சதும் தரேன்"னான். குடுத்தா. மறுபடி வந்து, "புருஷனை அனுப்பும்மா, ஜெயிச்சதும் தரேன்"னான். அழுதுக்கிட்டே அனுப்புனா. மூணாந்தடவை மணிக்கு வந்தான்.

"மணி எதுக்கு மகாராஜா?"

"உருக்கிப் பீரங்கி செய்ய."

"வழி தப்புனவங்க எப்படி வருவாங்க?"

"எம் பட்டாளம் வழி தப்பாது. மணியைக் குடு, அறுப்புக்குள்ள உம் புருஷன் வீட்டுல இருப்பான்."

அவளே கயித்தை அவுத்து விட்டா. தப்புதான். ஆனா புருஷன் வரணும்னு நினைச்சவளை எப்படித் திட்டுறது, நீங்களே சொல்லுங்க.

அறுப்பு வந்துச்சு, புருஷன் வரல. பனிதான் வந்துச்சு. தோத்த பட்டாளம் மலையில வழி தெரியாம அலையுதுன்னு சேதியும் வந்துச்சு. ஒட்டிலியா வெறுங் கோபுரத்தைப் பாத்தா. பாத்துட்டு, பழப்பாகு காய்ச்சுற செப்புக் கொப்பரையைத் தூக்கிக்கிட்டு மேல ஏறி அகப்பையால அடிச்சா.

"கொப்பரை நசுங்கிடும்டி"ன்னா பக்கத்து வீட்டுக்காரி.

"நசுங்கட்டும் அக்கா, நீயும் ஒண்ணு எடுத்துக்கிட்டு வா."

ஊரே அடிச்சுது.

மலையில அந்தச் சத்தம் கனவுல கூப்பிடுற மாதிரி மிதந்து வந்துச்சாம். "அது எங்க வீட்டுக் கொப்பரை"ன்னு புருஷன்காரன் மாட்டியாஸ் நடந்தான். அவன் பின்னால பட்டாளமே நடந்துச்சு. ஆல்பெரிக் மட்டும், "கொப்பரைச் சத்தத்துக்குச் சக்கரவர்த்தி போறதா?"ன்னு நின்னுட்டான். அப்போ வேற பக்கம் பீரங்கி வெடிச்சுது. "அதான் எங் குரல்"னு அங்க நடந்தான். அவன் பீரங்கிதான், ஆனா அதை எதிரி பறிச்சு வச்சிருந்தான். எதிரிங்க அவனைப் புடிச்சு, நடுக்கடல் பாறையில கொண்டு விட்டுட்டாங்க. அங்க அவனை யாரும் எதுக்கும் கூப்பிடல.

மாட்டியாஸ் வந்து கோபுரத்தை அண்ணாந்து பாத்தான்.

"மணியை யாரு குடுத்தா?"

"நான்தான். நீங்க வரணும்னு."

அவன் அவ கையிலேர்ந்து அகப்பையை வாங்கி, இன்னும் வராதவங்களுக்காக அடிக்க ஆரம்பிச்சான்.

பனியும் உருகிச்சு, கதையும் உருகிச்சு, கேட்டவங்க கண்ணும் சொருகிச்சு.