வெள்ளை ரோஜாவுக்கு வேர் சொன்ன சாட்சி

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்ல செம்பாயி செம்பாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குன்னு இருந்தது ஒரு குடிசை, குடிசைக்குப் பின்னால நாலு முழம் தோட்டம், தோட்டத்துல ஒரே ஒரு வெள்ளை ரோஜாச் செடி. அந்தச் செடி வந்த விதமே தனி. குதிரை விக்க வந்த அரபு வியாபாரி ஒருத்தன் காய்ச்சல்ல விழுந்து கிடந்தான், செம்பாயியோட பூட்டி அவனுக்குக் கஞ்சி ஊத்தினா, அவன் எந்திரிச்சுப் போறப்ப ஈரத்துணியில சுத்தி வெச்சிருந்த ஒரு குச்சியைக் கொடுத்துட்டுப் போனான். குச்சி வேர் விட ரெண்டு வருஷம் ஆச்சு. சாம்பல் பூத்த மாதிரி இலை, அங்கொண்ணு இங்கொண்ணா முள்ளு. வருஷத்துல பங்குனி மாசம் மட்டும்தான் பூக்கும், ஆனா பூத்தா தெருவே மணக்கும்.

அந்த நாட்டு ராஜாவோட தோட்டத்துக்கு மாசிலாமணின்னு ஒரு அதிகாரி. அவரு ஒரு நாள் அந்த வழியா வந்தார், பூவைப் பார்த்தார், ஆசை வந்துருச்சு. கேட்டிருந்தா செம்பாயி ஒரு குச்சி கொடுத்திருப்பா. அவருக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கப் பொறுமை இல்ல. செம்பாயி ஆத்துக்குப் போன நேரமாப் பார்த்து, கொப்புல துளிர் விடக் காத்திருந்த கண்ணையெல்லாம் கத்தியால சீவி எடுத்துட்டுப் போயி, முப்பது காட்டு ரோஜாச் செடியில தோலைக் கீறிச் சொருகி, வாழைநாரால கட்டிட்டார். மறு பங்குனியில முப்பதும் வெள்ளை வெளேர்னு பூத்துச்சு.

ராஜா அசந்துட்டார். "மாசிலாமணி, இது ஏது?"

"எங்க பாட்டன் வெச்ச செடி, மகாராசா."

சொல்லி வாய மூடல, செம்பாயி கோயிலுக்கு அதே பூவைக் கூடையில கொண்டு போறதை ராஜா பார்த்துட்டார். இப்ப மாசிலாமணி என்ன செய்வார்? "திருடி! என் செடியைத் திருடிட்டா!"ன்னு கத்தினார்.

"நானா? உங்க தோட்டத்து வாசப்படிகூட எனக்குத் தெரியாதே ஐயா!"

ராஜா தீர்ப்பு வெச்சார். "யார் சொல்றது பொய்யோ, அவங்க தோட்டத்தை விட்டுட்டு எல்லையைத் தாண்டணும்." செம்பாயிக்கு அந்த நாலு முழத்தை விட்டா வேற போக்கிடம் கிடையாது.

முதல்ல மோந்து பார்த்தாங்க. ஒரே மணம். அப்புறம் இதழை எண்ணிப் பார்த்தாங்க. ஒரே கணக்கு. அப்புறம் இலையை வெச்சுப் பார்த்தாங்க. ஒரே சாம்பல் பச்சை. எப்படி மாறும்? அவ செடியோட கண்ணுதானே அது!

அப்ப செம்பாயி சொன்னா: "மகாராசா, ரெண்டு பேர் செடியையும் தரையோட தரையா வெட்டிடுங்க."

சபையே வாயப் பொத்திக்கிச்சு. மாசிலாமணி ஓன்னு அழுதார். "ஐயோ, என் புள்ளைங்களை வெட்டாதீங்க! என் பாட்டன் ஆத்மா தாங்காது!"

ராஜாவுக்கு முகம் சிவந்துருச்சு. "ஏம்மா, செடி உன்னுதுன்னா வெட்டச் சொல்ல மனசு வருமா? அழறவர்தான் உரிமைக்காரர்னு எனக்குத் தோணுது."

"புள்ளைன்னா நானும் அழுவேன் மகாராசா. இது செடி. இதோட உசுரு மண்ணுக்குக் கீழ இருக்கு. என் செடி தன் வேர்ல நிக்குது, வெட்டினா வெள்ளையாவே திரும்பி வரும். அவருது எந்தச் செடியோட வேர்ல நிக்குதோ, அதுதான் வரும்."

வெட்டினாங்க. இங்க ஒரு காவக்காரன், அங்க ஒரு காவக்காரன். செம்பாயி தண்ணி ஊத்தினா, சும்மா இருந்தா. மாசிலாமணி சாணி போட்டார், மீன் கழிவு போட்டார், மோர் ஊத்தினார். அவர் ஊத்த ஊத்த, வேர்லருந்து ஆளுயரத்துக்குப் புதுசாச் சிம்பு கிளைச்சு வந்துச்சு, சிம்பு பூரா கொக்கி முள்ளு.

"மொதல்ல முள்ளுதான் வரும் மகாராசா, பூ பின்னால வரும்"னார்.

"வரட்டும்"னார் ராஜா.

பங்குனி வந்துச்சு. செம்பாயி செடியில வெள்ளைப் பூ. மாசிலாமணியோட முப்பது செடியிலயும் சுண்டுவிரல் நகத்தளவு, சிவப்பா, மணமே இல்லாத காட்டுப் பூ. தேனீகூட ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுப் போயிருச்சு.

"உங்க பாட்டன் வெச்சது இதுதானா?"ன்னு ராஜா கேட்டார். கேட்டுட்டு, செம்பாயி பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"என் தோட்டத்துக்கு வேலி இல்ல மகாராசா. ஆடு வருது, ஆளும் வருது. அந்த முப்பது முள்ளுச் செடியையும் கொடுங்க."

அப்புறம் என்ன, மாசிலாமணி தன் கையாலயே முப்பதையும் தோண்டி, தலையில சுமந்து வந்து, செம்பாயி தோட்டத்தைச் சுத்தி நட்டுட்டு, கையெல்லாம் கீறலோட எல்லையைத் தாண்டிப் போனார். அடுத்தவங்க பொருளை என்னுதுன்னு சொன்னா, ஒரு நாள் வேர் வரைக்கும் பதில் சொல்லணும்.

பூ அவளுக்கு, கீறல் அவருக்கு, கதை உங்களுக்கு. கண்ணை மூடுங்க.