செவ்வந்தியின் கிணறும் மூன்று பானைகளும்

இலுப்பைக் காட்டில் செவ்வந்தி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவளுடைய புருஷன் பூவரசன் நல்லவன், உழைப்பாளி. வளைக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு கிணறு தோண்டியிருந்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். செவ்வந்தியின் தலைவலிக்கு அதுதான் காரணம்.

மழைக்காலம் தொடங்கியதும் அவர்களுடைய குட்டி அரும்புக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் செவ்வந்திக்கும் வயிற்றைப் புரட்டியது.

"தண்ணீரில்தான் ஏதோ கோளாறு" என்றாள் அவள்.

"கவலைப்படாதே! நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று பூவரசன் கிளம்பினான்.

முதலில் அணில் சொன்னதென்று, கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டை கொண்டு வந்தான். பானையின் உட்புறத்தில் அதை உரசி உரசி அவனுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அடுத்து குரங்கு கொடுத்ததென்று ஒரு கருங்காலிக் கட்டையைக் கிணற்றுக்குள் போட்டான். அரும்புக்கு வயிற்றால் போவது நிற்கவில்லை.

"இந்தக் கட்டை என்ன செய்யுமாம்?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"எல்லாம் செய்யுமாம்!"

"எல்லாம் என்றால்?"

பூவரசன் தலையைச் சொறிந்தான். "அதை நான் கேட்கவில்லையே!"

மூன்றாம் நாள் நரியையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். நரி மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. மேல் பானையில் கூழாங்கல், நடுவில் கரி, கீழே மணல். குட்டையிலிருந்து கொண்டு வந்த சேற்றுத் தண்ணீரை மேலே ஊற்றியது. அடியில் தண்ணீர் பளபளவென்று சொட்டியது.

"பார்த்தீர்களா அம்மா! கண்ணாடி மாதிரி!"

"அழகாகத்தான் இருக்கிறது!" என்று பூவரசன் கை தட்டினான்.

செவ்வந்தி பல்லைக் கடித்தாள். "நரியாரே, எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. அதைக் குடித்துத்தானே குழந்தை படுத்திருக்கிறது!"

"அப்படியானால் இன்னும் தெளிவாகும்!" என்றது நரி.

கூடை நிறையக் கிழங்கை வாங்கிக்கொண்டு நரி போய்விட்டது. பூவரசன் கிணற்றுத் தண்ணீரை அதில் வடித்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டு இரண்டு நாள் பானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். யார் வந்தாலும் காட்டினான். மூன்றாம் நாள் காலையில் அரும்பு கண்ணைத் திறக்கவில்லை. அவனைத் தூக்கியபோது தலை துவண்டு தொங்கியது.

செவ்வந்திக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு குடுவையில் கிணற்றுத் தண்ணீரை மொண்டாள். குழந்தையை முள் இல்லாத வயிற்றுப் பக்கம் துணியால் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். அங்கே நீர்நாய் நீலாயி இருந்தாள். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வாழ்கிறவள்.

"எந்தக் கருவி வாங்கலாம் என்று சொல்லு நீலாயி! கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது!"

"கருவி இருக்கட்டும். முதலில் குழந்தையைக் கொடு!" என்று நீலாயி கையை நீட்டினாள். கொதிக்கவைத்து ஆற்றிய கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, சொட்டுச் சொட்டாக அரும்பின் வாயில் விட்டாள். வெகுநேரம் கழித்து அரும்பு முனகினான். செவ்வந்தி அழுதுவிட்டாள்.

பிறகு நீலாயி குடுவையைப் பார்த்தாள். "நிறம் இல்லை. கலங்கலும் இல்லை. உப்புக் கரிக்கிறதா?"

"இல்லை."

"எப்போது கெட்டது?"

"மழைக்குப் பிறகுதான்."

நீலாயி குடுவையை இறுக மூடி வெயிலில் வைத்தாள். "நாளைக்குத் திறப்போம். அதுவரை கொதிக்கவைத்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதே."

மறுநாள் மூடியைத் திறந்ததும் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிய நாற்றம்!

"சாணமோ கழிவோ கலந்திருக்கிறது. கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் யார் இருக்கிறார்கள்?" என்று நீலாயி கேட்டாள்.

போய்ப் பார்த்தார்கள். மேட்டில் காட்டுப்பன்றி புரளும் குட்டை இருந்தது. மழையில் அதன் கரை உடைந்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மெல்லிய ஓடையாகக் கிணற்றின் பக்கம் இறங்கி மண்ணுக்குள் மறைந்தது.

"நான் என்ன உன் கிணற்றிலா புரண்டேன்?" என்று காட்டுப்பன்றி உறுமியது.

"என் குழந்தை சாகக் கிடந்தான்!" என்று செவ்வந்தி கத்தினாள். முட்கள் எல்லாம் விறைத்து நின்றன. காட்டுப்பன்றி இரண்டடி பின்வாங்கியது. அன்று மாலைக்குள் கரையை அடைத்து, ஓடையை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

பூவரசன் கிணற்றை இறைத்தான். அடிவரை இறைத்து, சேற்றை வாரி, சுண்ணாம்பு போட்டு, மறுபடி இறைத்தான். ஊறிய தண்ணீரை நீலாயி குடுவையில் மூடிவைத்துப் பார்த்தாள். கொஞ்சம் வாடை இருந்தது. இன்னொரு முறை இறைத்தான். அடுத்த குடுவையில் வாடையே இல்லை. ஆனாலும் மழைக்காலம் முடியும்வரை கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வழியாக வந்த நரியைப் பூவரசன் மறித்தான். "உம் பானையால் ஒரு பிரயோஜனமும் இல்லையே!"

"தெளிய வைக்கும் என்றுதானே சொன்னேன்! நோய் தீர்க்கும் என்று எப்போது சொன்னேன்? உங்கள் தண்ணீரில் என்ன கோளாறு என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை!" என்று நரி நடையைக் கட்டியது.

செவ்வந்தி பூவரசனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு அடுப்பை மூட்டச் சொன்னாள். அரும்பு வளைக்கு வெளியே வந்து பசிக்கிறது என்று சிணுங்கினான்.

தண்ணீரில் என்ன கெடுதல் என்று சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் அதைச் சுத்தம் செய்யக் கருவி வாங்குகிறவர்களின் வீட்டில் கருவிகள்தான் சேருமே தவிர, நல்ல தண்ணீர் சேராது.