மீசைக்கு விலக்கு உண்டா?

மீசை உள்ளவர்கள் தடவிக்கொண்டே கேளுங்கள். இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம், இந்தப் பந்தயத்தில் நீங்கள் தோற்கவே முடியாது.

சாலைக்கிணறு என்ற ஊருக்கு நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. அரசகேசரி என்றொருவர் சுயேச்சையாக நின்றார். வரி, நதிநீர், மது என்று எதைக் கேட்டாலும் "கூட்டத்தில் சொல்கிறேன்" என்று நழுவிவிடுவார். மது விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் என்று வெயிலுகந்தானுக்கும் அவர் மைத்துனன் பூவலிங்கத்துக்கும் வாக்குவாதம். மதுக்கடையை மூடச் சொல்வார் என்றார் வெயிலுகந்தான். தாராளமாக விடுவார் என்றான் பூவலிங்கம். தோற்றவர் மீசையை எடுப்பது என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். மூளை எங்கே போயிற்றோ! கூட்டத்துக்கு மறுநாள் வெயிலுகந்தான் மகளுக்குக் கல்யாணம். பூவலிங்கம் தாய்மாமன். அந்த ஊரில் மீசையை எடுத்தால் வீட்டில் சாவு என்று பொருள். மழித்த முகத்தோடு மணவறையில் நின்றால் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்.

அரசகேசரி வேனில் ஏறினார். வேர்த்துக் கொட்டியது. இரண்டு விரலால் மீசையை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டார்.

"என் கொள்கை ஒரே சொல், விலக்கு! வரிக்கும் விலக்கு, சுங்கச்சாவடிக்கும் விலக்கு, மதுவுக்கும் முழு விலக்கு! இதை நம்பிய ஒருவரை ஏமாற்றினாலும் இந்த மீசையை எடுத்துவிடுகிறேன்!"

பெண்கள் குலவையிட்டார்கள். அந்தப் பக்கம் தள்ளாடிக்கொண்டிருந்தவர்களும் விசிலடித்தார்கள்.

இருவரும் நேராக மாடக்கண்ணுவின் சலூனுக்குப் போனார்கள்.

"மதுவிலக்குன்னா கடையை மூடுறது மாப்ளே. நாற்காலியில உக்காரு."

"பருப்புக்கு வரிவிலக்கு குடுத்தா பருப்புக் கடையையா மூடுனாங்க? நீங்க உக்காருங்கத்தான்."

வெயிலுகந்தானின் மனைவி கோமு ஓடிவந்தாள். "எவன் மீசை போனாலும் எம் மக கல்யாணம் போச்சே!" என்று வாசலிலேயே அழுதாள். பாவம், ஒருவர் புருஷன், ஒருவன் தம்பி. யாரை விட்டுக்கொடுப்பாள்? மாடக்கண்ணுவின் கையில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

சத்தியத்தை மீறவும் முடியாது, ஒரு மீசை போயே தீர வேண்டும். நீங்களே சொல்லுங்கள், போக வேண்டியது யாருடைய மீசை?

விடை: அரசகேசரியுடையது. இருவர் நினைத்ததும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது, ஆகவே இருவருமே தோற்கவில்லை. அவரோ கடையை மூடினால் பூவலிங்கத்தை ஏமாற்றியவர், விட்டுவைத்தால் வெயிலுகந்தானை ஏமாற்றியவர். எப்படிப் பார்த்தாலும் அவருடைய சபதம்தான் தோற்கிறது. மாடக்கண்ணு கத்தியோடு அவரிடம் போனார். கத்திக்கு வேலையே இல்லை. நுரை பட்டதும் மீசை கையோடு வந்துவிட்டது, ஓட்டுக்காக ஒட்டியது. மறுநாள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஓட்டுக் கேட்டுப் பந்திக்கு வந்த அரசகேசரியிடம், வீட்டில் யார் தவறிப்போனது என்று ஊரே துக்கம் விசாரித்தது.